உறையாத பனி

விடிகிறது. மலைக்குடிலின் வாசலில் செரைனா ஊன்றுகோலைப் பனியில் குத்துகிறாள்; கைப்பிடிவரை இறங்குகிறது. இரவெல்லாம் மேகம் மூடியிருந்ததில் பனி இறுகவேயில்லை, கூழாய்க் கிடக்கிறது. கூரை சொட்டுகிறது. அவள் கணவன் லூட்ஸி சிகரம் ஏற இடுப்பில் கயிற்றோடு குந்தி, பூட்ஸுக்கு முள்தகடு மாட்டியபடி, "மேலே போனா இறுகியிருக்கும்" என்கிறான். "நேத்தும் இதேதான் சொன்னே. இடுப்புவரைக்கும் புதைஞ்சதுதான் மிச்சம்." அவன் மாட்டிய தகட்டைக் கழற்றிச் சுவரோரம் எறிகிறான். அந்தச் சத்தம் அடங்குமுன் மேகம் விலகி, சிகரம் முழுக்க வெயில் இறங்குகிறது. "ராத்திரியே விலகியிருந்தா உறைஞ்சிருக்கும். இப்ப வெயில் வந்து பல்லைக் காட்டுது பாரு, இருக்கறதையும் உருக்க" என்கிறாள் செரைனா. கைபேசி ஒலிக்கிறது. கீழே ஊரிலிருந்து லூட்ஸியின் அப்பா. "வானம் பளிச்சுனு இருக்கே, பாதி ஏறியாச்சா?" லூட்ஸி சிகரத்தைப் பார்த்தபடியே இடுப்புக் கயிற்றை அவிழ்க்கிறான். "இல்லப்பா. அசந்து தூங்கிட்டோம்."