பாகம் குறித்த வாழையிலை

படம் வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டால் எந்த மண்டைக்குள்ளும் விஷயம் ஏறிவிடும் என்பது நம்மிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. ஆதாரமற்றது. ஆரல்வாய்மொழியில் நடந்த ஒரு கல்யாணத்தோடு அதற்கு முடிவு கட்டப்பட்டது.

தங்கை ஆர்த்திகாவின் முகூர்த்த நாள் காலையில், பந்தியில் விளம்பிப் பரிமாறச் சொல்லிவைத்த ஆட்கள் வரவில்லை என்று சமையல்காரர் கையை விரித்தார். ஹரிகுமார் கலங்கவில்லை. பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுப்பவன். தவளையின் இதயத்தையே கண்ணை மூடிக்கொண்டு வரைவான். வாழையிலை எம்மாத்திரம்?

கல்யாணத்துக்கு வந்திருந்த பழைய மாணவர்களைக் கூட்டினான். சார்ட் தாளில் பெரிய இலை வரைந்தான். நுனி இடப்பக்கம். நுனியோரம் உப்பு, உப்பேரி. மேல்வரிசையில் பச்சடி, துவரன், அவியல், எரிசேரி. கீழே நடுவில் சோறு. எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. செல்லில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

"அப்படியே விளம்பணும் மக்கா. மாப்பிள்ளைக்க பெரியப்பா முதல் பந்தியில இருப்பாரு."

அந்தப் பெரியப்பா பூதலிங்கம், துவரனில் தேங்காய் குறைந்ததற்காக ஒரு நிச்சயதார்த்தத்தையே தள்ளிவைத்தவர் என்று பெயர் வாங்கியவர். இன்றைக்கு அவர் முகம் சுளித்தால் ஆர்த்திகா ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் பந்தி உட்கார்ந்தது. மாணவர்கள் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, செல்லைப் பார்த்துப் பார்த்து, படத்தில் உள்ளபடியே விளம்பினார்கள். ஒரு பிழை கிடையாது, அவர்கள் நின்ற பக்கமிருந்து பார்த்தால்.

பாயசத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்த ஹரிகுமார் பந்தியின் பக்கமிருந்து பார்த்தான். உட்கார்ந்தவர்களுக்கு இலை நுனி வலப்பக்கம் கிடந்தது. அவியல் மடியோரம். சோறு அக்கரையில். நுனி மாறிய இலை சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குத்தான் ஆகும் என்று சொல்கிறவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். பெரியவர் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தார்கள்.

"ஏலே சுனில், என்ன இது?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"படத்துல உள்ளதுதான் சார்." சுனில் செல்லை நீட்டினான்.

பூதலிங்கம் இலையைப் பார்த்தார். செல்லைப் பார்த்தார். ஹரிகுமாரைப் பார்த்தார். எழுந்தார்.

ஹரிகுமார் கைகூப்பியபடி அவரிடம் ஓடினான்.

அவர் தன் நாற்காலியைத் தூக்கினார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், தன் இலைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அங்கின காத்து முகத்துல அடிக்கு. எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கோ."

காற்றாலைகள் சூழ்ந்த ஆரல்வாய்மொழியில் காற்றைக் குறை சொன்னால் மறுத்துப் பேச ஆள் கிடையாது. பந்தி மொத்தமும் நாற்காலியோடு இடம்பெயர்ந்தது. நுனி இடப்பக்கம் வந்தது. சோறு கைக்கெட்டியது.

நன்றி சொல்ல ஹரிகுமார் அவர் காதருகே குனிந்தான். சோற்றில் பருப்பைக் குழைத்தபடியே அவர் முந்திக்கொண்டார்.

"படம் நல்லாத்தான் இருக்கு சாரே. எந்தப் பக்கம் நின்னு பாக்கணும்னு அதுக்கும் ஒரு அம்புக்குறி போட்டிருக்கலாம்."

அடுத்த மாதம் நாகர்கோவிலில், ஏசி மண்டபத்தில், அதே சொந்தத்தில் இன்னொரு கல்யாணம். இலைகளைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். விளம்பி முடிந்ததும் முதல் பந்தியில் இருந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.