சூட்டு உடம்பு

காலை ஆறரைக்கு அம்மா இரண்டு அவித்த முட்டைகளை உரித்துப் பவளத்தின் தட்டில் வைத்தாள். முப்பத்தைந்து வருடத்தில் முட்டை எடுத்த அந்தக் கை அண்ணன் ராசேந்திரனின் தட்டைத் தாண்டி வந்ததில்லை. பவளத்துக்குச் சூட்டு உடம்பாம். முட்டை, மீன், நெய் எதுவும் ஒத்துக்கொள்ளாது, நீராகாரம்தான் சேரும். அண்ணனுக்குக் குளிர்ந்த உடம்பு, தின்றால்தான் நிற்கும். பவளம் அதை நம்பியிருந்தாள். கல்யாணப் பந்திகளில்கூட, பரிமாறுகிறவர் குனியும் முன்பே, "எனக்குச் சேராதுங்க" என்று இலையைக் கையால் மறைத்துவிடுவாள்.

இப்போது அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. நேற்று டாக்டர் சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் எல்லாமே ஒத்துப்போகுது. இவங்க சிறுநீரகத்தை அவர் உடம்பு ஏத்துக்கும். ஆனா இவங்களுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. நல்லா சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாங்க."

"சாப்பிடு, தங்கம்" என்றாள் அம்மா. அப்படி அவள் அழைத்ததும் புதிது.

"சூடு கிளப்புமேம்மா."

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. ஆறிப்போறதுக்குள்ள தின்னு."

பவளம் ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்கும்மா, எனக்கா, அண்ணனுக்கா?"