பளபளத்த கல்

பாலித்தீன் பையோடு ஏரிக்கு வந்த அம்மாள் ஒரு மீனைத் தண்ணீரில் விட்டாள். "தொட்டி பத்தல, பாவம். நல்லா இருடா கண்ணு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ யாருப்பா?" என்றது ஏரிக் கெண்டை.

"தொட்டி கழுவுற மீன்க்கா. பொட்டுப் பாசி விடமாட்டேன். இங்க ஒரே அழுக்கா இருக்கே!"

"வந்ததும் வராததுமா வேலையா? இளைப்பாறுப்பா" என்று சிரித்துவிட்டு இரை தேடப் போனது கெண்டை.

திரும்பி வந்தபோது கரையோரக் கல் பளபளவென்றிருந்தது.

"ஐயோ, இதுல என் முட்டையெல்லாம் ஒட்டியிருந்துச்சே!"

"அதுவா? சின்னச் சின்னதா, வழவழன்னு! ஒண்ணுகூட விடலக்கா" என்றது புதுமீன், பெருமையாக.

கரையில் மறுபடியும் அந்த அம்மாளின் குரல் கேட்டது.

"இன்னும் நாலு இருக்கு. இதுங்களும் பொழைச்சுப் போகட்டும்."