நோ க்ளெய்ம் போனஸ்

"லைசன்ஸ் வந்து முழுசா பத்து நாள் ஆகலை. உனக்கு எவன் கம்மி விலையில இன்சூரன்ஸ் தருவான்?" என்றார் ஜெயராமன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

மகள் ரேஷ்மாவுக்கு இருபத்திரண்டு வயசு. அம்பத்தூரில் வேலை, காலை ஆறு மணி ஷிப்ட். எதிர் பிளாக் சண்முகசுந்தரம் மாற்றலாகி ஜபல்பூர் போகிறார். தன் காரை அவளுக்கே தருகிறேன் என்றவர், அடுத்த ஞாயிறுக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். தவறினால் அண்ணனூரில் வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குள் கார் நுழைய கேட் பாஸ் வேண்டும். பாஸுக்கு இன்சூரன்ஸ் காகிதமும், வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்தும் வேண்டும். வீடு அப்பா பேரில். எல்லாம் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது.

"நான் இருபத்தஞ்சு வருஷமா ஓட்டறேன். ஒரு கீறல் உண்டா? பொம்பளைப் பிள்ளை, அதுவும் புது லைசன்ஸ்னா உன் தலையில மொளகா அரைச்சிடுவான்."

"அரைக்கலைன்னா?"

"என் பிரீமியத்தைவிட ஒரு ரூபா கம்மியா வாங்கிட்டு வா. மறுபேச்சில்லாம கையெழுத்துப் போடறேன்."

அப்பா காரும் சண்முகசுந்தரம் காரும் ஒரே மாடல். சலுகை விலைக்கு ராணுவ கேன்டீன் மூலமாக ஒரே மாசம் எடுத்தவை. இவருடையது சிவப்பு, அவருடையது வெள்ளை. பிறகென்ன, மனுஷர் ஜெயித்த தெம்பில் இரண்டாவது காபி கேட்டார்.

ரேஷ்மா ஒரு வாரம் அலைந்தாள். திருமுல்லைவாயலில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் பாதி விலை சொன்னார்.

"பழைய ஓனர் இத்தனை வருஷமா நஷ்டஈடு கேட்காம ஓட்டியிருக்கார். அவரோட நோ க்ளெய்ம் போனஸை உங்க பேர்ல போட்டுடறேன். யார் பார்க்கப் போறா?"

"அது அந்த ஆளுக்குக் கொடுத்த தள்ளுபடி சார், வண்டிக்கு இல்லை. நாளைக்கு எங்கேயாவது இடிச்சா எனக்குப் பணம் வருமா?"

"நீங்க இடிக்காம ஓட்டுங்களேன்."

நல்ல யோசனைதான். ரேஷ்மா எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை, ஜெயராமனுக்கு வழக்கமாக இன்சூரன்ஸ் போட்டுத் தரும் ஏஜென்ட் லோகநாதன் வந்தார். ஜெயராமனின் சிவப்புக் காருக்கும் அன்றைக்குத்தான் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். முதலில் ரேஷ்மா உட்கார்ந்தாள்.

"சின்னச் சின்ன அடிக்கெல்லாம் என் கைக்காசைப் போட்டுக்கறேன் சார். பெரிய செலவு வந்தா மட்டும் கம்பெனி தரட்டும். அப்படி எழுதினா குறையும்தானே?"

"ஆமா பாப்பா. ரொம்பப் பேருக்கு இது தெரியாது." லோகநாதன் மொபைலில் தட்டினார். "பன்னெண்டாயிரத்து நானூறு."

"புது லைசன்ஸ்னு கூடப் போடலையா?" என்று இடையில் புகுந்தார் ஜெயராமன்.

"வண்டியைப் பார்த்துத்தான் சார் போடறாங்க. வயசெல்லாம் கேக்கறதில்லை."

"சரி, அப்பாவுக்கு எவ்வளவு?" என்றாள் ரேஷ்மா.

"சாருக்குப் பதிமூணாயிரத்து எழுநூறு."

ரேஷ்மா கேட் பாஸ் ஃபாரத்தை மெல்ல அப்பா பக்கம் நகர்த்தினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கணக்கு உதைத்தது.

"இருங்க சார். அப்பாதான் ஒரு கீறல்கூடப் போட்டதில்லையே. அவருக்குப் பாதிக்குப் பாதி போனஸ் வரணுமே?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? பேனா எங்கே?" என்று அவசரப்பட்டார் ஜெயராமன்.

அப்போதுதான் ரேஷ்மாவின் அம்மா பத்மா காபியோடு வந்தாள். லோகநாதன் டம்ளரை வாங்கிக்கொண்டு தயங்கினார்.

"மேடம், சொன்னா கோச்சுக்காதீங்க. இனிமேலாவது கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க. மூணு வருஷத்துல மூணு க்ளெய்ம். அப்புறம் எங்கேர்ந்து போனஸ் வரும்?"

"யாரு, நானா?"

"பருத்திப்பட்டு ஏரிகிட்ட கரன்ட் கம்பம். குவார்ட்டர்ஸ் கேட்டு. அப்புறம் போன வருஷம் மார்க்கெட்ல தள்ளுவண்டி. மூணுலயும் ஓட்டினவர் பத்மான்னுதான் ஃபார்ம்ல கீது. உங்க லைசன்ஸ் காப்பியும் வெச்சிருக்கே."

பத்மா புருஷனைப் பார்த்தாள். ஜெயராமன் ஃபேனைப் பார்த்தார்.

"சாரோட லைசன்ஸ் முடிஞ்சுபோச்சு, இன்னும் புதுப்பிக்கலை, அவர் ஓட்டினா க்ளெய்ம் கிடைக்காது, அதனால இப்பல்லாம் வீட்டுக்காரம்மாதான் ஓட்டறாங்கன்னு சொன்னாரே" என்றார் லோகநாதன், பாவம், ஒன்றும் புரியாமல்.

பத்மா லைசன்ஸ் எடுத்துப் பத்து வருஷம். எடுத்த அன்றைக்கே, 'ரோட்டுல போறவன் பாவம், விட்டுடு' என்று இதே ஜெயராமன்தான் சிரித்தார். அதோடு அது பீரோவுக்குள் போய்விட்டது.

"ரேஷன் கடையில கேக்கறாங்கன்னு வருஷா வருஷம் லைசன்ஸை வாங்கிட்டுப் போனீங்களே, அது இதுக்குத்தானா?"

ஜெயராமன் கேட் பாஸ் ஃபாரத்தை இழுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். லோகநாதன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் வெள்ளைக் கார் எதிர் பிளாக்கிலிருந்து வந்து வீட்டு வாசலில் நின்றது. சண்முகசுந்தரம் சாவியை ரேஷ்மா கையில் கொடுத்து வாழ்த்திவிட்டுப் போனார். ரேஷ்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பத்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகரும்மா. பேப்பர்ல மூணு தடவை இடிச்சுட்டேன், ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்கறேன்."