பாதி வானம்

வலது கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது.

அதற்கு மேல் எழவில்லை.

அந்தக் கையில் ஆன்டெனா. ஒரு தண்டு, குறுக்கே ஏழு அலுமினியக் கம்பிகள். இடது கையில் பேசவும் கேட்கவும் ஆன சிறு ரேடியோ. எதிரே, தூத்துக்குடி உப்பளங்களுக்கு அப்பால், குரல்களை வாங்கித் திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத செயற்கைக்கோள் ஒன்று தெற்கிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

வலது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து பதினொரு மாதம். அத்தனை மாதமும் அவள் ரேடியோவைத் தொடவில்லை.

மொட்டைமாடிச் சுவரில் இன்னொரு ஆன்டெனா சாத்தியிருந்தது. அவளுக்கு வாங்கலாம் என்று கணவன் மணவாளன் பார்த்து வைத்தது. கம்பத்தில் மாட்டிவிட்டால் போதும். எல்லாத் திசையையும் கேட்கும். கையைத் தூக்க வேண்டாம்.

நாலு மணிக்குக் கோள் கடந்தபோது அதைத்தான் போட்டுப் பார்த்தார்கள். இரைச்சல். இரைச்சலுக்குள் யாரோ, சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதுபோல.

"இதையும் ஒருக்கா பிடிச்சுப் பாருங்க அக்கா" என்று ஏழு கம்பி ஆன்டெனாவை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே போனான் பெனடிக்ட். இரண்டையும் செய்தவன் அவன்தான். அது அவன் வீட்டு மாடி.

இப்போது குரல்கள் பக்கத்தில் இருந்தன. இலங்கையில், குருநாகலில் ஒருவர். கோழிக்கோட்டில் ஒரு பெண்.

கோள் ஏறியது. குரல்கள் தேய்ந்தன.

மணவாளன் அவள் முழங்கையைத் தாங்க வந்தான்.

"விடுங்க."

அவள் பின்னால் சாய்ந்தாள். குரல் திரும்பியது.

இன்னும் சாய்ந்தாள். முடியாமல் உட்கார்ந்தாள். கால்களைத் தெற்கே நீட்டினாள். கை இருந்த இடத்திலேயே இருந்தது. உடம்புதான் மெல்ல மெல்லப் பின்னால் போனது.

முதுகு தரையைத் தொட்டபோது கம்பிகள் நேர் உச்சியைப் பார்த்தன.

தளத்தில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வெதுவெதுவென்று அது அவளை ஏந்திக்கொண்டது. மாடி, தெரு, ஊர் எல்லாம் எங்கோ கீழே போயின.

பொத்தானை அழுத்தி, ரேடியோவில் தன் பெயரான அழைப்புக் குறியைச் சொன்னாள்.

குருநாகல்காரர் அதை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொன்னார். நன்றாகக் கேட்கிறது என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும்.

கோள் உச்சியைத் தாண்டியது. குரல் வடக்கே நழுவியது. அங்கே அவள் கை போகாது.

மணவாளன் படுத்தான். அவள் தலையோடு தலை முட்ட, கால்களை வடக்கே நீட்டி. அவள் விரல்களிலிருந்து பிடியை வாங்கிக்கொண்டான்.

எங்கே காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மெதுவா. இன்னும் கீழ. ஆங், அங்கனயே வச்சுக்கிடுங்க."

நாகபுரியிலிருந்து யாரோ அவளை அழைத்தார்கள். பதில் சொன்னாள். பிறகு ஒவ்வொரு குரலாக அடிவானத்துக்குக் கீழே இறங்கியது.

வெறும் இரைச்சல்.

இருவரும் எழவில்லை.

படிக்கட்டிலிருந்து பெனடிக்ட் தலையை நீட்டினான். "ரெண்டுல எதைக் கட்டித் தரட்டும் அக்கா?"

மணவாளன் வானத்தைப் பார்த்தபடியே அவளிடம் கேட்டான்.

"நம்ம வீட்டுல பாய் கெடக்கா?"