கையால்தான் இறுக்கினேன்

"உண்மையைச் சொல்லுங்க அண்ணே. போன தடவை இதை எதை வச்சு இறுக்கினீங்க?"

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த குவான் கேட்டார்.

"கையாலதான்," என்றார் ஹருன்.

"கையால இறுக்கினது கையால கழண்டு வரணும்ல?"

பழைய எண்ணெய் எல்லாம் எப்போதோ வாளிக்குள் இறங்கிவிட்டது. எண்ணெய் ஃபில்ட்டர் மட்டும் அசைய மறுத்தது. டீ குவளை அளவுக்கு ஒரு தகர டப்பா. கையால் திருகி இறுக்கினால் போதும், ஸ்பேனர் படக்கூடாது. வீட்டிலேயே கார் பார்த்துக்கொள்கிற யாருக்கும் இது தெரியும். ஹருன் காலையிலிருந்து முட்டி மோதிவிட்டு, வேறு வழியில்லாமல்தான் பக்கத்து வீட்டுக் குவானைக் கூப்பிட்டிருந்தார்.

குவான் துணி சுற்றித் திருகினார். உப்புத்தாள் சுற்றித் திருகினார். ஸ்க்ரூடிரைவரை ஓரத்தில் குத்தித் திருப்பினார். தகரம் கிழிந்து முழங்கை வரை கருப்பு எண்ணெய் வழிந்ததுதான் மிச்சம்.

"எந்தக் கையால அண்ணே? யானை இறுக்கின மாதிரி இருக்கு லா."

ஹருன் வலது கையை மடியிலிருந்து கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "இதாலதான். ஆறு மாசம் முன்னாடி. வீம்புக்கு இதாலதான் இறுக்கினேன்."

குவான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கையில் டீ குவளை நிற்பதில்லை. அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். ஒரு மாதமாக ஹருன் அதைத் தொடவில்லை. பூனைதான் உருட்டி விளையாடுகிறது. செத்த கைக்கு எதற்குப் பந்து என்கிறார். இப்படியே விட்டால் இருக்கிற பலமும் போய்விடும் என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் பெண் இரண்டு முறை எச்சரித்துவிட்டாள்.

அந்தக் கை இப்படி இறுக்குமாம். ஸ்பேனரைப் போட்டு முறுக்கிவிட்டு, மனுஷன் கூசாமல் புளுகுகிறார் என்று குவான் நினைத்துக்கொண்டார்.

ஹருனின் மனைவி ரொக்கியா மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழமும் டீயும் கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் கணவர் பக்கம்தான் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து இவர் மூடிய பாட்டிலை வீட்டில் வேறு யாரும் திறந்ததில்லையாம்.

உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து நீட்டினார். கைப்பிடி வைத்த ரப்பர் பட்டை. ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கிற சாமான்.

"இதை மாட்டிப் பாருங்க."

"இஞ்சின்ல ஊறுகாய் இல்லக்கா," என்று சிரித்தபடி குவான் வாங்கினார். பட்டையின் உள்பக்கம் கருப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சோயா சாஸாக இருக்கும்.

அளவெடுத்துச் செய்ததுபோல் பட்டை ஃபில்ட்டரைச் சுற்றிப் பிடித்தது. இரண்டு கையாலும் ஒரு இழுப்பு. கழன்றுவிட்டது.

ஹருன் அந்தக் கிழிந்த டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

"இந்தக் கையா இவ்வளவு இறுக்குச்சு?"

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. முகம் மட்டும் மெல்ல மலர்ந்தது.

புது ஃபில்ட்டரை நானே மாட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, வலது கையாலேயே திருகினார். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"இதையும் ஒருத்தனும் கழட்ட முடியாது லா."

சொல்லிவிட்டு உள்ளே போனார். பந்து எங்கே என்று பூனையிடம் சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

மழைக்கு முன் புது எண்ணெயை ஊற்றிவிடலாம் என்று குவான் அடியில் ஒரு தரம் சரி பார்த்தார். ஃபில்ட்டரை இரண்டு விரலால் தொட்டார். அது சுற்றியது.

குவானுக்குப் பொறி தட்டியது. பட்டையை எடுத்து உள்பக்கத்தை முகர்ந்து பார்த்தார். காய்ந்திருந்தது சோயா சாஸ் இல்லை. பழைய இஞ்சின் எண்ணெய்.

தலையை வெளியே நீட்டினார். பக்கத்தில் நின்ற ரொக்கியா வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன தடவை நான் வண்டியைக் கிளப்பினதும் தரையெல்லாம் எண்ணெய் தம்பி. நல்லவேளை, அவரு குளிக்கப் போயிருந்தாரு. அவ்வளவு வேர்வை சிந்தி இறுக்கின மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? நானே இதை வச்சு இறுக்கிட்டுத் தரையைக் கழுவி விட்டேன். பயத்துல கொஞ்சம் அதிகமா இறுக்கிட்டேன் போல."

உள்ளேயிருந்து ஹருனின் குரல் வந்தது. ஃபோனில் அந்தப் பயிற்சிப் பெண்ணிடம், இஞ்சின் ஃபில்ட்டரைக் கழற்ற இரண்டு ஆள் தேவைப்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து பந்து எத்தனை தரம் அமுக்க வேண்டும் என்று கேட்டார்.

குவான் பட்டையைப் புது ஃபில்ட்டரில் மாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"போதும் தம்பி," என்றார் ரொக்கியா. "அடுத்த தடவை கழட்டறதுக்கு நீங்கதான் கஷ்டப்படணும்."

"கஷ்டப்படணும் லா அக்கா," என்று குவான் இன்னொரு இழுப்பு இழுத்தார்.