மங்கு

தட்டைத் தூரிகையை அமிலத்தில் தோய்த்து அவள் நெற்றியில் தொடங்கினேன். பிறகு மூக்கு, தாடை. கன்னங்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். மங்கு அங்கேதான் இருந்தது.

இரண்டு கன்னத்திலும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் திட்டு. மேலுதட்டின் மேலே ஒரு தீற்றல்.

"லாக்டிக் அமிலம்னதும் பயந்துடாதீங்க. பால் புளிச்சா வருமே, அதுதான். இருக்கறதுலயே சாது. லேசா சுருக்கு சுருக்குன்னு இருக்கும், அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோங்க. நாலு தடவை வந்தா மங்கு இருந்த தடமே தெரியாது."

எல்லோரிடமும் சொல்வதுதான். பன்னிரண்டு வருட பார்லர் பழக்கத்தில் வாய் தானாகவே சொல்லிவிடும்.

அவள் கண்களின் மேல் ஈரப் பஞ்சு வைத்திருந்தேன்.

அழைத்து வந்தது அவளுடைய நாத்தனார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கொண்டுவந்து விட்டாள். "அண்ணி வாசப்படி தாண்டவே மாட்டேங்கறாங்க. முகம் தெளிஞ்சா மனசும் தெளியும்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள்.

இரண்டாவது நிமிடம், கூடத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. முடி வெட்டிக்கொள்ள வந்த யாரோ தூக்கி வந்திருக்க வேண்டும். பசி அழுகை. பெற்றவளுக்குத்தான் அது தெரியும் என்பார்கள், எனக்கே தெரிந்தது.

படுத்திருந்தவளின் கைகள் கட்டில் விளிம்பை இறுக்கின. பஞ்சுக்கு அடியிலிருந்து கண்ணீர் கசிந்து காதுப் பக்கம் இறங்கியது.

"எரியுதாங்க?"

"இல்ல."

இல்லை என்பவர்களுக்குத்தான் அதிகம் எரியும். மூன்றாவது நிமிடத்திலேயே நிறுத்தினேன். அமிலத்தை அடக்கும் கரைசலைத் தடவி, குளிர்ந்த துணியால் இரண்டு முறை ஒற்றி எடுத்தேன்.

கண்ணீர் நிற்கவில்லை. வெளியே குழந்தையும் நிறுத்தவில்லை.

கழுத்துவரை போர்த்தியிருந்த துண்டை விலக்கினேன். மாற்றிக்கொள்ள நாங்கள் கொடுத்த பருத்தி அங்கியில், மார்புப் பக்கம் இரண்டு ஈர வட்டங்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்றன.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"கைக்குழந்தைய விட்டுட்டா வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அது அங்க பசியில என்ன பாடு படுதோ!"

அவள் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கண்கள் கூரையிலேயே இருந்தன.

"பதினோரு நாள்தாங்க இருந்தா."

கூடத்தில் அழுகை நின்றிருந்தது. பால் கொடுத்திருப்பார்கள்.

காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து அவள் மார்பின் மேல் வைத்து, என் கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டேன். அவள் தள்ளிவிடவில்லை. அடுத்த ஆள் வந்துவிட்டார் என்று யாரோ கதவருகே சொல்லிவிட்டுப் போனார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெகுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். கைக்கண்ணாடி கேட்டாள்.

கன்னத்தில் மங்கின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னம்.

"அவ வயித்துல இருந்தப்ப வந்ததுங்க இது" என்றாள். "ஆறாம் மாசம்."

கதவைத் தட்டிவிட்டு நாத்தனார் எட்டிப் பார்த்தாள். பாவம், முகமெல்லாம் ஆவல்.

"எவ்வளவு போயிருக்கு? அடுத்து எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

நான் தூரிகையைக் கழுவப் போடுவது போல் திரும்பிக்கொண்டேன்.

"வேண்டாம்மா. உங்க அண்ணி தோலுக்கு இது ஒத்துக்கல."